கீழாநெல்லிச் சரக்கின் தரத்தை எப்படி மதிப்பிடுவது? ஃபில்லாந்தின் அளவு மட்டும் போதுமா?

வண்ணாரப்பேட்டை வியாபாரி

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் குடும்பத்தார் நடத்திவந்த நாட்டு மருந்துக் கடையை இப்போது நான் கவனித்து வருகிறேன். உலர்ந்த கீழாநெல்லியை ராசப்ப செட்டித் தெருவில் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பது எங்கள் வழக்கம். அண்மையில் இரண்டு வியாபாரிகளிடமிருந்து வந்த இரண்டு மூட்டைகளை அருகருகே பிரித்து வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே செடிதானா என்ற ஐயம் எழுந்தது. ஒன்றில் மெல்லிய பச்சைக் காம்புகளும் அவற்றில் ஒட்டிய சிற்றிலைகளும் இருந்தன. மற்றதில் தண்டுகள் செம்பழுப்பாகவும் சற்றுத் தடிப்பாகவும் இருந்தன. இலைகளில் பெரும்பகுதி உதிர்ந்து, சாக்கின் அடியில் மண்ணோடு கலந்து தூளாகக் கிடந்தது. இரண்டாவது சரக்கின் விலை குறைவு. அதைக் கொடுத்தவரிடம் கேட்டால், "ஊர் வேறு, மண் வேறு, அதனால் நிறம் வேறு, மூலிகை ஒன்றுதான்" என்கிறார்.

இதற்கிடையில், மருந்து நிறுவனத்தில் பணிபுரியும் வாடிக்கையாளர் ஒருவர் "உங்கள் கீழாநெல்லியில் ஃபில்லாந்தின் எத்தனை விழுக்காடு?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஃபில்லாந்தின் என்பது செடியில் உள்ள ஒரு வேதிப்பொருளாம். மொத்த வியாபாரியிடம் அதைச் சொன்னதும் ஓர் ஆய்வறிக்கையின் நகலை எடுத்துக் கொடுத்தார். அதில் தொகுதி எண் இல்லை, மாதிரி எடுத்த தேதி இல்லை, செடியின் எந்தப் பகுதி ஆய்வுக்கு உட்பட்டது என்ற குறிப்பும் இல்லை.

நான் அறிய விரும்புவது இதுதான். கடையில் இருந்தபடியே, கண்ணாலும் கையாலும் எவ்வளவு தூரம் தரத்தைக் கணிக்க முடியும்? ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் எதை எதைக் கேட்க வேண்டும்? அந்த ஃபில்லாந்தின் எண்ணுக்கு உண்மையில் எவ்வளவு மதிப்புத் தரலாம்? மணலி, கொடுங்கையூர்ப் பக்கத்தில் தானாக முளைக்கும் பசுஞ்செடியைப் பறித்துவந்து தருகிறேன் என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதை வாங்கலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர் ஆசிரியர்

மருந்தியல் கல்லூரியில் மாணவர்களுக்கு மூலிகைகளை அடையாளம் காணக் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். வேதிப்பொருளின் அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், சாக்கில் இருப்பது எந்தச் செடி என்பது உறுதியாக வேண்டும். அது உறுதியாகாமல் செய்யப்படும் எந்த அளவீடும் வீண்செலவு.

நம் பக்கத்தில் கீழாநெல்லி என்று கொள்ளப்படுவது ஃபில்லாந்தஸ் அமாரஸ். பழைய நூல்களில் இதையே ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதியிருப்பார்கள். ஆனால் நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய தனி இனம் என்பதைத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் 1950களில் தெளிவுபடுத்தினார். இந்தியாவில் நிரூரி என்ற ஒரே பெயருக்குள் அடைபட்டிருந்த செடிகள், பின்னர் அமாரஸ், ஃப்ரடர்னஸ், டெபிலிஸ் என்று மூன்றாகப் பிரித்து அறியப்பட்டன. இன்றும் பல ஆய்வறிக்கைகளின் தலைப்பில் நிரூரி என்றே அச்சாகி வருகிறது. ஆயுர்வேத மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் நூலான ஆயுர்வேத பார்மகோபியாவோ தாமலகி என்ற தலைப்பின் கீழ் ஃப்ரடர்னஸைக் குறிப்பிடுகிறது. ஆகவே உங்களுக்குக் கிடைத்த அறிக்கை எந்தச் செடியின் அளவுகோலை வைத்து "தேர்ச்சி" என்று முடிவு சொல்லியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இனி, கடையிலேயே செய்யக்கூடியது. ஒரு பிடிச் சரக்கை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவையுங்கள். சுருண்ட இலையும் ஒடுங்கிய காயும் விரிந்து கொடுக்கும். அவற்றை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்சு ஒன்றால் பாருங்கள். அமாரஸின் நடுத்தண்டில் பச்சை இலை இருக்காது, சிறு செதில்களே இருக்கும். இலைகள் எல்லாம் பக்கக் கிளைகளில் இரண்டு வரிசையாக அமைந்திருக்கும். நடுத்தண்டிலேயே இலைகள் இருந்து, அவை அடியில் குறுகி நுனியை நோக்கி அகன்றிருந்தால், அது பெரும்பாலும் மேலாநெல்லி எனப்படும் ஃபில்லாந்தஸ் மதராஸ்பதென்சிஸ். அடுத்து காயைப் பாருங்கள். அமாரஸின் காய் வழவழப்பாக, குட்டையான ஆனால் தெளிவாகத் தெரியும் காம்போடு இருக்கும். காயின் மேல்தோல் சொரசொரப்பாக, சிறு முண்டுகளோடு, காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டியிருந்தால் அது ஃபில்லாந்தஸ் யூரினேரியா. அதன் தண்டில் செந்நிறம் ஓடுவதும் வழக்கம். காயின் அடியில் நிலைத்து நிற்கும் இதழ்களை எண்ணிப் பார்த்தால் அமாரஸில் ஐந்தும், ஃப்ரடர்னஸிலும் டெபிலிஸிலும் ஆறும் இருக்கும். இதற்குப் பொறுமை வேண்டும், பழகிவிட்டால் கடினமில்லை. விதையை உடைக்காமல் எடுத்து லென்சின் கீழ் வைத்தால் அமாரஸில் நெடுக்குவாக்கில் வரிகளும் யூரினேரியாவில் குறுக்குவாக்கில் வரிகளும் தென்படும். மிளகைவிடப் பல மடங்கு சிறியது என்றாலும், இந்த விதையைப் போல உறுதியாகச் சாட்சி சொல்லும் உறுப்பு உலர்ந்த செடியில் வேறில்லை.

நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வெயிலில் காய்ந்தோ ஈரத்தோடு மூட்டை கட்டப்பட்டோ கிடந்த நல்ல அமாரஸும் பழுப்பாகிவிடும். உங்கள் இரண்டாவது மூட்டை கலப்படமாகவும் இருக்கலாம், பழைய சரக்காகவும் இருக்கலாம். காயைப் பார்க்காமல் வியாபாரியைக் குறை சொல்ல முடியாது.

கடைச் சரக்கில் கலப்பு எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு சொல்லலாம். தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லி என்ற பெயரில் விற்கப்பட்டதை உருவ அமைப்பாலும் மரபணு முறையாலும் சோதித்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. 76 விழுக்காட்டு மாதிரிகளில் அமாரஸே ஏறக்குறைய முழுமையாக இருந்தது. எஞ்சிய 24 விழுக்காட்டில் டெபிலிஸ், ஃப்ரடர்னஸ், யூரினேரியா, மதராஸ்பதென்சிஸ், கோழிக்கோடனஸ் ஆகிய ஐந்து இனங்கள் காணப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை வயலோரத்தில் ஒன்றாகவே முளைப்பவை என்பதால், பறிப்பவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று சொல்வது நியாயமாகாது என்பது என் கருத்து.

கொளத்தூர் ஆய்வகப் பணியாளர்

ஆசிரியர் ஐயா அடையாளத்தைப் பற்றிச் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. மூலிகை மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன் என்பதால் எண்களைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் சாக்கின் அடியில் மண்ணோடு கிடந்த இலைத்தூள்தான் இந்த விவகாரத்தின் மையம். கீழாநெல்லியில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற, லிக்னான் வகையைச் சேர்ந்த இரண்டு வேதிப்பொருள்களும் தண்டைவிட இலையிலேயே மிகுதி. 1993இல் வெளியான ஓர் ஆய்வில் இலையில் ஃபில்லாந்தின் 0.7 விழுக்காடும் ஹைப்போஃபில்லாந்தின் 0.3 விழுக்காடும் காணப்பட்டன. உலர்ந்த செடியை மூட்டையாகக் கட்டி, லாரியில் ஏற்றி, இறக்கி, உருட்டும்போது இலை உதிர்ந்து அடிக்குப் போய்விடுகிறது. மேலிருந்து ஒரு பிடி எடுத்து அனுப்பினால் ஆய்வகம் தண்டைச் சோதிக்கும்; அடியிலிருந்து எடுத்து அனுப்பினால் இலையையும் மணலையும் சோதிக்கும். ஒரே மூட்டை இரண்டு விதமான எண்களைத் தரும், இரண்டுமே பொய்யாகவும் இருக்காது. ஆகவே மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் எடுத்து, ஒரு தாளில் கொட்டிக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிராக உள்ள இரண்டு பகுதிகளைச் சேர்த்து அனுப்புங்கள். பணம் கொடுத்து வாங்கும் அறிக்கையின் மதிப்பு இந்தக் கலக்கலில்தான் இருக்கிறது.

ஆய்வகத்தில் எளிதாகவும் குறைந்த செலவிலும் செய்யக்கூடியவை முதலில். 105 டிகிரி செல்சியசில் உலர்த்தி ஈரப்பதத்தைக் கணக்கிடுவோம். அது மிகுந்திருந்தால் பூஞ்சைக்கு வழி. பிறகு எரித்து மொத்தச் சாம்பலை நிறுப்போம். அந்தச் சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, கரையாமல் மிஞ்சுவதை மறுபடி எரித்து நிறுத்தால் கிடைப்பது அமிலத்தில் கரையாச் சாம்பல். இது பெரும்பாலும் மணல்தான். வேரோடு பிடுங்கிச் சரியாக உதறாமல் காயவைத்த சரக்கில் இந்த எண் உடனே உயர்ந்துவிடும். கடையிலேயே இதன் சாயலைப் பார்க்க வேண்டுமானால், ஒரு கண்ணாடிக் குவளை நீரில் அடித்தூளைக் கொட்டிக் கலக்கி விட்டுவிடுங்கள். இலைத்தூள் மிதக்கும் அல்லது மெல்ல இறங்கும், மணல் நேராக அடியில் போய் உட்காரும். நீரில் கரையும் சாரத்தின் அளவும் ஆல்கஹாலில் கரையும் சாரத்தின் அளவும் அடுத்து வருபவை. ஒருமுறை கொதிக்கவைத்துச் சாறெடுத்த சக்கையை மறுபடி உலர்த்தி விற்றால், இந்த இரண்டும் சரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் பிறகே, சாற்றில் உள்ள பொருள்களைத் தகட்டில் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.டி.எல்.சி. சோதனை. மாதிரியின் மெத்தனால் சாற்றையும், தூய ஃபில்லாந்தின் கரைசலையும் ஒரே சிலிக்கா தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் இட்டு, ஹெக்சேன், டொலுவீன், எத்தில் அசிடேட் கலவையில் ஏறவிட்டு, வனிலின்-கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் பட்டைகள் நிறம் பெற்று எழும். ஒரே ஒரு பட்டையின் உயரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முழு வரிசையையும் நம்பகமான அமாரஸ் மாதிரியின் வரிசையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஃபில்லாந்தின் மட்டும் தனியாக ஓங்கி நின்று, உடன் வர வேண்டிய மற்றப் பட்டைகள் மங்கலாக இருந்தால், வெளியிலிருந்து சாறு கலந்திருக்கிறார்களோ என்று ஐயப்பட இடமுண்டு. முழுச் செடியில் அந்த நிலை வருவது அரிது, பொடியில் வரலாம்.

நகலாகக் கிடைத்த அந்த அறிக்கையை ஒதுக்கிவிடுங்கள். எந்தத் தொகுதி, எந்தப் பகுதி, எந்த முறை, உலர் எடையில் கணக்கிட்டதா என்ற நான்கும் இல்லாத எண் உங்கள் மூட்டையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

மணலி, கொடுங்கையூர்ச் செடியைப் பற்றி: இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தொழிற்சாலைப் பகுதியிலும் குப்பைமேட்டின் ஓரத்திலும் போக்குவரத்து மிகுந்த சாலையோரத்திலும் வளரும் செடி மண்ணிலிருந்து உலோகங்களை வேர்வழியாக உறிஞ்சக்கூடும். இலைமேல் படிந்த தூசியைக் கழுவிவிடலாம். உள்ளே போனதைக் கழுவ முடியாது. மூலிகைகளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு ஈயத்துக்கு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக்குக்கு 3, பாதரசத்துக்கு 1, காட்மியத்துக்கு 0.3. செடி உருவத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த எண்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ராயபுரம் சித்த மருத்துவர்

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சற்று மாறுபட்ட பார்வை உண்டு.

ஃபில்லாந்தின் நீரில் நன்றாகக் கரைவதில்லை. ஹெக்சேனிலும் மெத்தனாலிலும் கரையும். வண்ணாரப்பேட்டைக் கடையில் கீழாநெல்லி வாங்குபவர் அதை என்ன செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் நீரில் கொதிக்கவைத்து, பாதியாக வற்றவைத்துக் குடிநீராகப் பருகுகிறார்கள். அந்தக் குடிநீரில் இறங்குவது முதன்மையாக ஜெரானியின், கோரிலாஜின் போன்ற டானின்களும், கேலிக் அமிலமும், ரூட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகளும்தான். கொதிக்கும்போது ஜெரானியினும் உடைந்து கோரிலாஜின், எலாஜிக் அமிலம், கேலிக் அமிலம் என்று மாறுகிறது. ஆகவே குடிநீருக்கென வாங்கும் சரக்கின் தரத்தை ஃபில்லாந்தின் விழுக்காட்டால் அளப்பது பொருத்தமாக இருக்காது. நீரில் கரையும் சாரத்தின் அளவும் மொத்த டானின் அளவும்தான் அங்கே பேச வேண்டியவை. பசுஞ்சமூலத்தை, அதாவது வேரோடு கூடிய முழுப் பசுஞ்செடியை, அரைத்துக் கற்கமாக மோரில் கலந்து உண்பவருக்கும், சூரணமாக விழுங்குபவருக்கும் செடி முழுவதும் உள்ளே போவதால் லிக்னான்களும் கணக்கில் வரும். ஃபில்லாந்தினை நான் ஒதுக்கவில்லை. செடி இன்னதுதான் என்று அடையாளம் காட்டும் குறியாக அது சிறந்தது, குணத்தை அளக்கும் படிக்கல்லாக அதை மட்டுமே வைக்க வேண்டாம் என்கிறேன்.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் ஊரிலேயே, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் சக ஆய்வாளர்களும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கோடு இணைந்து, ஃபில்லாந்தஸ் அமாரஸ் பொடியை அந்தக் கிருமியை உடலில் சுமப்பவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வந்தது. மருந்து பெற்ற 37 பேரில் 22 பேருக்கு, கிருமி உடலில் இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்றுமாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் அவ்வாறு ஆனது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. நோயாளிகள் வேறு, அளவு வேறு, செடி விளைந்த நிலம் வேறு என்று பல காரணங்கள் பேசப்பட்டன. அந்தந்தப் பொடிகளின் முழு வேதி வரிசை அருகருகே வைத்துப் பார்க்கக் கிடைத்திருந்தால், குறைந்தபட்சம் "செடி வேறு" என்ற வாதத்தையாவது தீர்த்திருக்கலாம்.

இதே காரணத்தால் ஒரு வேண்டுகோளும் உண்டு. மஞ்சள் காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லி கேட்டு வருபவரிடம், இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பித்தநாளம் அடைபட்டு வரும் காமாலைக்கு எவ்வளவு உயர்தரச் சரக்கும் தீர்வாகாது. ஸ்டான்லி மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை வியாபாரி

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி இரண்டு மூட்டையிலிருந்தும் எடுத்து ஊறவைத்துப் பார்த்தேன். பச்சைச் சரக்கில் பார்த்த காய்கள் எல்லாம் வழவழப்பாக, காம்போடு இருக்கின்றன. பழுப்புச் சரக்கில் வழவழப்பான காய்களோடு, கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கும் முண்டுக் காய்களும் கணிசமாகக் கலந்திருக்கின்றன. குவளை நீரில் அதன் அடித்தூளைப் போட்டபோது மணல் ஒரு விரற்கடை அளவுக்குப் படிந்தது. அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஒவ்வொரு மூட்டையையும் ஆய்வகத்துக்கு அனுப்பும் வசதி எங்களைப் போன்ற சிறு கடைக்கு இல்லை. இதற்கு என்ன வழி? மேலும், நல்ல சரக்கை நாங்களே பொடித்து, பொட்டலமாக்கி, கடைப் பெயரை ஒட்டி விற்கலாமா?

கொளத்தூர் ஆய்வகப் பணியாளர்

ஒவ்வொரு மூட்டைக்கும் ஆய்வு தேவையில்லை. இப்போது நன்றாக அமைந்திருக்கும் அந்தப் பச்சைச் சரக்கை ஒருமுறை முழுமையாகச் சோதித்து, அதில் இரண்டு கைப்பிடியைக் காற்றுப் புகாத புட்டியில், தேதியும் கொடுத்தவர் பெயரும் எழுதி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் சரக்கை லென்சாலும் நீர்க்குவளையாலும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஐயம் தோன்றினால் மட்டும் அனுப்புங்கள். அப்போதும் அளவுகளை எல்லாம் கேட்க வேண்டாம்; சாம்பல், சாரம், பட்டை வரிசை ஆகியவற்றோடு நிறுத்தினால் செலவு பெரிதும் குறையும். கன உலோகச் சோதனையை, கொடுப்பவர் மாறும்போதோ விளைந்த ஊர் மாறும்போதோ செய்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புதுச் சரக்கு வரும் காலத்தில் வாங்கி இருப்பு வைப்பது நல்லது. கோடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் போன பருவத்தின் மிச்சம், அதில் இலை தங்கியிருக்காது.

பெரம்பூர் ஆசிரியர்

பொடியைப் பற்றி நான் சொல்கிறேன். முழுச் செடியை முழுச் செடியாகவே விற்பது வேறு. அதைப் பொடித்து, மருந்தென்று பெயர் ஒட்டி விற்பது சட்டத்தின் பார்வையில் மருந்து உற்பத்தி. அதற்கு உரிமம் வேண்டும், அட்டவணை டி (Schedule T) சொல்லும் நல்லுற்பத்தி நெறிமுறைகளின்படி இடமும் பதிவேடுகளும் அமைய வேண்டும். அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவத் துறை அலுவலகத்தில் நேரில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பொடித்துவிட்டால் காயும் விதையும் இதழும் போய்விடும். பிறகு வாங்குபவர் கையில் லென்சு இருந்தும் பயனில்லை. பொடியை அடையாளம் காண நுண்ணோக்கி வேண்டும், அதற்குப் பழகிய கண்ணும் வேண்டும். முழுச் சமூலமாகவே விற்று, கேட்பவர் முன்னிலையில் இடித்துக் கொடுப்பதே உங்களுக்கும் அவர்களுக்கும் பாதுகாப்பு.

மூட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஊறவைத்த தட்டில் உள்ள முண்டுக் காய்களில் சிலவற்றை உலர்த்தி, ஒரு தாளில் மடித்து அந்த வியாபாரியிடமும் காட்டுங்கள். அவரிடம் செடி கொண்டுவருபவருக்கு அடுத்த பருவத்தில் எதை ஒதுக்கிப் பறிக்க வேண்டும் என்று சொல்ல அது அவருக்கு உதவும்.